குற்றம் கிடாரில் இல்லை

குமணன்சாவடியில், குன்றத்தூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடி அறை ஒன்றில் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். வாசிக்காத கம்பிகளைச் சத்தமில்லாமல் அடக்கி வைக்கும் கைப்பழக்கம் பல வருடங்களாக எனக்கு இல்லை. இல்லை என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் மறைத்தேன். மறைத்துக்கொண்டே ஃபீஸ் வாங்கிப் பாடம் நடத்தினேன். கடைசியில் என் குறையை ஒரு பிள்ளையின் கிடார் மேல் போட்டு, அந்த வீட்டுக்குத் தேவையே இல்லாத செலவையும் வைத்தேன்.

கிடார் வாசிக்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆறு கம்பியில் ஒன்றை மீட்டினால் மற்ற ஐந்தும் பேசாமல் இருக்கும் என்றுதான் நினைப்போம். அப்படி இருப்பதில்லை. வழக்கமான சுருதியில் ஆறாம் கம்பி, அதாவது தடித்த கம்பி, நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஐந்தாம் கம்பி 110, நான்காவது 147, மூன்றாவது 196, இரண்டாவது 247, மெல்லிய முதல் கம்பி 330. கிடார் கழுத்தின் குறுக்கே பதித்த மெல்லிய உலோகத் தண்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். நான்காம் கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் கிட்டத்தட்ட 165 வரும். இது ஆறாம் கம்பியின் அதிர்வில் இரண்டு மடங்கு. அதனால் யாரும் தொடாமலே ஆறாம் கம்பி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிரத் தொடங்கும். 165-க்கு இரண்டு மடங்கு 330 என்பதால் முதல் கம்பியும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் கிடார் இருந்தால் செய்து பாருங்கள். மீட்டிய நான்காம் கம்பியை விரல் வைத்து நிறுத்திய பிறகும் சத்தம் கேட்கும். அது மற்ற கம்பிகள் போடும் சத்தம்.

கிடாரில் வேண்டாத சத்தம் வருகிற ஒரு வழி இது. அழுத்திய விரலை எடுக்கும்போது கம்பி சுண்டப்பட்டு, திறந்த கம்பியின் ஸ்வரம் லேசாக எழும். இது இன்னொரு வழி. பிக் பக்கத்துக் கம்பியில் உரசுவது வேறொன்று. தடித்த கம்பிகளின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கார்டு மாற்றும்போது விரல் அந்தச் சுருள்களின் மேல் இழுபட்டால் கீச்சென்று கத்தும். விரல் வேகமாக நகர்ந்தால் கீச்சும் உயரும். அக்கூஸ்டிக் கிடாரில் இவையெல்லாம் ஓரளவு அமுங்கிப் போகும். எலக்ட்ரிக் கிடாரில் டிஸ்டார்ஷன் போட்டால் தப்பிக்க முடியாது. டிஸ்டார்ஷன் பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிக் காட்டும். விரல் நுனி தெரியாமல் பட்ட சத்தம்கூட ஆம்பில் முழுதாகக் கேட்கும்.

மீட்டாத கம்பி அதிர்வது எல்லா வாத்தியத்திலும் குற்றமில்லை. நம் ஊர்ச் சங்கீதத்தில் அதை வேண்டி வரவழைக்கிறார்கள். சித்திரவீணையில் வாசிக்கும் கம்பிகளுக்குக் கீழே, கூடவே அதிர்வதற்கென்றே தனிக் கம்பிகள் உண்டு. தம்புராவில் பிரிட்ஜுக்கும் கம்பிக்கும் நடுவே ஜீவா என்கிற நூலைச் செருகி, ரீங்காரம் வரும் இடத்தைத் தேடி நகர்த்துகிறார்கள். ஆனால் அந்தக் கம்பிகளைப் பாட்டின் சுருதிக்குச் சேர்த்த பிறகுதான் ஒலிக்க விடுகிறார்கள். கிடாரின் ஆறு கம்பிகள் எந்தப் பாட்டுக்கும் அப்படிச் சேர்க்கப்பட்டவை அல்ல. சினிமாப் பாட்டு பாடகரின் குரலுக்கு ஏற்ற எந்தச் சுருதியிலும் இருக்கும். திறந்த கம்பிகள் அதோடு ஒத்துப்போகிற சுருதிகள் சில உண்டு, ஒத்துப்போகாதவையும் உண்டு. ஒத்துப்போகாத பாட்டில் தானாக ஒலிக்கும் கம்பி அபஸ்வரம். பிள்ளைகள் கேட்டபோது நான், ‘அது ஒரு எஃபெக்ட், நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னபோது எனக்கும் அது நன்றாகக் கேட்கவில்லை.

இதைத் தடுப்பது கையின் வேலை. மூன்றாம் கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். விரல் நுனி கம்பியின் நடுவில் செங்குத்தாக நிற்கக் கூடாது. மயிரிழை மேலே ஏறி, நான்காம் கம்பியின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அழுத்த வேண்டாம், பட்டால் போதும். அதே விரலின் உட்பக்கம் சற்றுப் படுத்து இரண்டாம், முதல் கம்பிகளின் மேல் கிடக்க வேண்டும். ஆக ஒரே விரல் ஒரு கம்பியைப் பேசவைத்து மூன்று கம்பிகளின் வாயை மூடுகிறது. மிச்சம் இருக்கும் ஐந்தாம், ஆறாம் கம்பிகளை வலது உள்ளங்கையின் அடிச்சதை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அமர்த்தி வைக்கிறது. வாசிப்பு மெல்லிய கம்பிகளுக்குப் போகப் போக அந்தக் கையும் கூடவே கீழே இறங்கி, விட்டு வந்த கம்பிகளை மூடிக்கொண்டே வர வேண்டும்.

இதற்குள் இன்னும் நுணுக்கம் உண்டு. 5, 7, 12 ஆகிய ஃப்ரெட்டுகளுக்கு நேர் மேலே ஒற்றை விரல் லேசாகப் பட்டால் கம்பி அடங்காது, ஹார்மோனிக் என்கிற மணி போன்ற மேல்ஸ்வரம் எழும்பும். அங்கே பக்கத்து விரலும் சேர்ந்து தொட வேண்டும். மூன்றாம் கம்பியை பெண்டு செய்து மேலே தள்ளும்போது நான்காம் கம்பியும் சேர்ந்து தள்ளப்படும். திரும்பும்போது அதை விட்டுவிட்டால் ஒலிக்கும். பின்னால் சும்மா இருக்கிற ஆள்காட்டி விரல் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கீச்சுச் சத்தத்துக்கு மருந்து, விரலை இழுத்துக்கொண்டு போகாமல் முதலில் நேராக மேலே தூக்கி, பிறகு நகர்த்துவது. இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சுற்றில்லாத மெல்லிய கம்பியின் மேல் இழுப்பது. இதில் எதுவும் ரகசியமில்லை. மெதுவாக, ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு, கேட்டுக் கேட்டுச் செய்தால் மாதக்கணக்கில் படியும். நான் அந்த மாதங்களைக் கொடுக்கவில்லை.

நான் யாரிடமும் முறையாகப் படித்தவன் அல்ல. சர்ச் கொயரில் ரிதம் வாசிக்கிற அண்ணன்களின் கையைப் பார்த்துக் கற்றேன். ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கும் ரிதத்தில் எந்தக் கம்பியையும் அடக்க வேண்டியதில்லை. பிறகு மெல்லிசைக் குழுக்களில் லீட் வாசிக்கக் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் டிரம்ஸும் கீபோர்டும் போடுகிற சத்தத்தில் என் கையின் குப்பை வெளியே தெரியவில்லை. தனியாக வாசிக்கும்போது எனக்குத் தெரிந்தது. புரொசசரில் நாய்ஸ் கேட்டை ஏற்றி வைத்தேன். அது வாசிப்பு நிற்கிற நேரத்துச் சத்தத்தைத்தான் வெட்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்துவிட்டால் கதவைத் திறந்துவிடும். ஸ்வரத்தோடு சேர்ந்து குப்பையும் உள்ளே வரும்.

அடுத்து ஹேர் பேண்டு. குமணன்சாவடி கடைத்தெரு பேன்சி ஸ்டோரில் பெண் பிள்ளைகள் தலைமுடிக்கு வாங்கும் வெல்வெட் சுற்றிய பேண்டு. அதை கிடார் கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் அமரும் நட்டுக்குப் பக்கத்தில், முதல் ஃப்ரெட்டின் மேல் போட்டால் திறந்த கம்பிகள் எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிடும். அழுத்திய ஸ்வரம் மட்டும் கேட்கும். இதற்கென்றே தயாரித்த ஃப்ரெட்ராப் பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து என் லீட் சுத்தமாகக் கேட்டது. பாராட்டினார்கள். பாராட்டு வந்த பிறகு கையைத் திருத்த வேண்டும் என்கிற எண்ணமே போய்விட்டது.

கேள்வி கேட்டவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். மைக்கேல் ஜாக்சனின் 1987 உலகச் சுற்றுப்பயணத்தில் வாசித்த ஜெனிஃபர் பேட்டனே கிடார் கழுத்தில் பொருத்தும் ஸ்ட்ரிங் டேம்பர் ஒன்றைத் தானே உருவாக்கியவர், தப்பென்றால் அவர் ஏன் செய்கிறார் என்பேன். அவர் செய்ததில் பாதியைத்தான் சொன்னேன். அவர் வாசிப்பது இரண்டு கைகளாலும் ஃப்ரெட்டுகளைத் தட்டும் டேப்பிங். வலது கையும் கழுத்துக்குப் போய்விட்டால் பிரிட்ஜ் பக்கம் கம்பிகளை அடக்க உள்ளங்கை இருக்காது. அதற்காகச் செய்த கருவி அது. ஒரு கை காலியாக இல்லாதவர் செய்துகொண்ட ஏற்பாட்டை, இரண்டு கையும் காலியாக இருந்த நான் சாட்சிக்கு இழுத்தேன்.

பிறகு பாடம் எடுக்க ஆரம்பித்தேன். மாணவர்களுக்கும் அதே பட்டையைக் கட்டிவிட்டேன். ஏன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பெற்றோர் வாட்ஸ்அப்பில் வீடியோ கேட்பார்கள். பட்டை போட்டால் பிள்ளை வாசிப்பது சுத்தமாகக் கேட்கும், அடுத்த மாத ஃபீஸ் தடையில்லாமல் வரும். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் நான் செய்து காட்ட வேண்டும். செய்து காட்டினால் எனக்கு வராதது தெரிந்துவிடும். அதனால் ஒரு பாடத்தையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நன்றாக உழைக்கிறவள். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்தாள், கல்லூரி சேர்ந்த பிறகும் வந்தாள். அவள் அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு நாள் அவள் பட்டையைக் கழற்றிவிட்டு வீட்டில் வாசித்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் வந்து, “சார், அதை எடுத்துட்டா ஏதேதோ சத்தம் வருது, நான் எதுவும் தப்பா பண்றேனா?” என்று கேட்டாள். சரியான கேள்வி. ஒரு ஆசிரியனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. “உன் மேல தப்பில்லம்மா, கிடார் அவ்வளவுதான். நல்ல கிடார் வாங்கினா சரியாயிடும்” என்றேன்.

அவள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். கிடாரில் வரும் சத்தங்களில் வாத்தியத்தின் குறையும் உண்டு, மின்சாரத்தின் குறையும் உண்டு, கையின் குறையும் உண்டு. கம்பிகள் ஃப்ரெட்டுக்கு மிக அருகில் இருந்தாலோ ஃப்ரெட் தேய்ந்திருந்தாலோ ‘ஜர்’ என்று அடிக்கும். அது வாத்தியத்தின் குறை, கிடார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் சரியாகும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் ஆம்பில் ‘ம்ம்’ என்று கேட்பது மின்சார இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் அது இயல்பு. அதைக் குறைக்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை வடிவமைத்தார். வாசிக்கும்போது மட்டும் வந்து, கம்பியைத் தொட்டால் நிற்கிற சத்தம் கையின் குறை. அவள் கிடாரில் இருந்தது இந்தக் கடைசிச் சத்தம் மட்டும்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவரிடம் இவை அனைத்தையும் கலந்து, பாதி ஆங்கிலத்தில், அவருக்குப் புரியாதபடி பேசினேன். சீட்டு எடுத்த பணத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போட்டு வேறு கிடார் வாங்கினார். பழையது எக்ஸ்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குப் போனது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மேடை இன்னொருவர் வீட்டுக் காசில் கட்டியது என்றால் அந்தச் சொல் பொய் என்பதோடு நிற்காது, திருட்டு ஆகிவிடும்.

புதுக் கிடார் வந்து சில மாதத்தில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கல்லூரி நண்பர்கள் சேர்ந்து செய்த ஒரு பாட்டுக்கு கிடார் வாசிக்க வேண்டும். வடபழனிப் பக்கம் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ. துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். பாட்டின் தொடக்கம் திறந்த கம்பிகள் ஒலிக்கும் ஆர்பெஜியோ, அதிலிருந்து நிற்காமல் ஒரு லீட். சவுண்ட் இன்ஜினியர் பட்டையைப் பார்த்ததும், “அதைக் கழட்டிடும்மா, ஓப்பன் ஸ்ட்ரிங் வேணும்ல” என்றார். பட்டை இருந்தால் திறந்த கம்பி பேசாது. பட்டையை நம்பிப் பழகிய கைக்கு அந்த மாதிரிப் பாட்டில் வழியே இல்லை.

வாசித்தாள். அவர் மற்ற டிராக்குகளை நிறுத்திவிட்டு கிடாரை மட்டும் தனியாகப் போட்டு, ஹெட்போனை அவளிடம் கொடுத்தார், பிறகு என்னிடம் கொடுத்தார். ஸ்வரங்கள் சரியாக இருந்தன, தாளம் சரியாக இருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் ஐந்தாம் கம்பி ஒலித்துக்கொண்டே இருந்தது. விரல் எழும் இடமெல்லாம் ஒரு திறந்த கம்பி கூடவே எழுந்தது. கார்டு மாறும்போதெல்லாம் கீச். அதெல்லாம் என்னுடைய கை. நான் தனியாக வாசிக்கும்போது வரும் அதே குப்பை, அதே இடங்களில், ஒன்று விடாமல் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது.

அவள் என்னைப் பார்த்து, “சார், புதுக் கிடார்லயும் அதே சத்தம்தான் சார் வருது” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “கேபிள் சரியில்ல போல” என்றேன். இன்ஜினியர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வேறு கேபிளை மாற்றினார். மறுபடி வாசித்தாள். மாற்றமில்லை. பலமுறை வாசித்துப் பார்த்த பிறகு, பாட்டுக்கு இசையமைத்த பையன் கீபோர்டிலேயே கிடார் சத்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் போனது. அந்த நேரம் முழுக்க அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. நான் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தில் எனக்கு மிகவும் அவமானமாக இருப்பது இந்த இடம்தான்.

அன்று இரவு பட்டையைக் கழற்றிவிட்டு என் வாசிப்பைப் போனில் பதிவு செய்து கேட்டேன். சில நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கிடாரில் குறை இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததில்தான் குறை, எனக்கே அது தெரியும், தெரிந்துதான் வாங்கச் சொன்னேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. “அப்ப அந்தப் பழைய கிடார் நல்லாத்தான இருந்துச்சு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சீட்டுப் பணம் சார் அது” என்றார். பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுத்துவருகிறேன். அந்தப் பிள்ளை என்னிடம் வருவதை நிறுத்திவிட்டாள். நியாயமான முடிவு. பணம் திரும்பிவிடும். அவள் கைக்கு நான் பழக்கிய குறையைத் திருத்த அவளுக்குக் கற்றுக்கொண்ட காலத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும். அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது நானும் முதலிலிருந்து கற்கிறேன். என்னைவிட வயதில் சின்னவரான ஒரு ஆசிரியரிடம் போகிறேன். முதல் வகுப்பில் அவர் என்னை ஒரே ஒரு ஸ்வரத்தை வாசிக்கச் சொல்லி, மற்ற ஐந்து கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். எந்தக் கம்பியாவது ஒலித்தால் அந்த ஸ்வரம் முடியவில்லை என்று அர்த்தம் என்றார். கேட்க எளிதான பரீட்சை. நான் தேறவில்லை. இன்று என் மாணவர்களுக்கும் முதல் பரீட்சை அதுதான்.

பட்டையையும் மற்ற சாமான்களையும் நான் தூற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான வேலை உண்டு. நட்டுக்கு மேலே, ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்கும் கம்பித் துண்டுகளும் அதிரும். எந்த விரலும் அங்கே எட்டாது, அங்கே ஒரு ஹேர் பேண்டு போடலாம். டிரெமோலோ உள்ள கிடாரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் ஒலிக்கும், அங்கே ஸ்பாஞ்சுத் துண்டு வைக்கலாம். கம்பெனிகளே சத்தம் அடக்கும் அமைப்பை வைத்து கிடார் செய்திருக்கின்றன. 1962-ல் வந்த ஃபெண்டர் ஜாகுவாரில் பிரிட்ஜ் பக்கம் தூக்கிவிடும் ரப்பர் மியூட் உண்டு. மோடவுன் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிட்ஜ் மூடியின் அடியில் ஸ்பாஞ்சை வைத்தே வாசித்தார், அவருடைய தொனியில் அதற்கும் பங்கு உண்டு. கை நன்றாக இருந்தவர் தொனிக்காக வைத்துக்கொண்டது அது.

கீச்சுச் சத்தத்துக்கும் வழிகள் உண்டு. தட்டையான சுற்றுள்ள ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளில் கீச் பெரும்பாலும் போய்விடும், தொனியின் பளிச்சும் குறைந்துவிடும். எலிக்சர் போன்ற பூச்சுள்ள கம்பிகளில் கீச்சும் குறையும், மெட்ராஸ் வேர்வையில் துரு ஏறுவதும் தள்ளிப்போகும். நைலான் கிடாருக்கு, பேஸ் கம்பிகளை மெருகேற்றி வழவழப்பாக்கிய செட்டுகள் உண்டு, ரெக்கார்டிங்குக்கு அவை உதவும். கம்பியில் தடவும் எண்ணெய்க் குச்சிகளும் விற்கின்றன. விரல் வழுக்கிப் போக வீணை வாசிப்பவர்கள் இடது கை விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் ஊரில் பழைய வழக்கம். இதையெல்லாம் வாங்கலாம், பயன்படுத்தலாம். கை முதலில் தன் வேலையைச் செய்ய வேண்டும், மீதிக்குத்தான் சாமான். நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கினேன், பிள்ளைகளுக்கும் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தேன்.

கோடம்பாக்கம், சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் 70-களிலும் 80-களின் தொடக்கத்திலும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒருவர் கை தவறினால் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். 1980-ல் வந்த ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’, 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ ஆகிய இரண்டையும் கற்றுக்கொள்ளத்தான் இன்றும் பிள்ளைகள் கிடாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டிலும் கிடார் மறைய இடமில்லாமல் முன்னால் நிற்கிறது. ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேளுங்கள் என்று இப்போது மாணவர்களிடம் சொல்கிறேன். ஒலிக்கும் ஸ்வரத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமோ, அந்த இடைவெளிக்கும் அவ்வளவு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆனதற்கு வேறு யாரும் காரணமில்லை.

என்னைப்போல் வீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிற ஆசிரியர்கள் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். என்னைவிட நன்றாக வாசிப்பவர்கள், நேர்மையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களில் ஏராளம். உங்களுக்கு வராத ஒன்றை மாணவர் கேட்டால், ‘எனக்கு இது வராது, வருகிறவரிடம் அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாணவரை இழப்போம், அவ்வளவுதான். நான் சொல்லாமல் இருந்ததால் இழந்தது அதைவிட அதிகம், அதுவும் என்னுடையதாக மட்டும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் புதுக் கிடார் வாங்கச் சொன்னால் உடனே கடைக்குப் போகாதீர்கள். அதே கிடாரை அந்த ஆசிரியரையே எதிரில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கழுத்தில் பட்டையோ பேண்டோ இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அவர் கையில் அது சுத்தமாக ஒலித்தால் கிடார் நன்றாக இருக்கிறது, பிள்ளைக்குப் பயிற்சிதான் வேண்டும். அவர் கையிலும் சத்தம் வந்தால், காசு செலவழிப்பதற்கு முன் கிடார் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் காட்டி இன்னொரு கருத்து கேளுங்கள். வாசித்துக் காட்ட மறுத்தால் ஆசிரியரை மாற்றுங்கள்.

என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் கையில் வரும் அந்தச் சத்தம் உங்கள் தவறும் அல்ல, உங்கள் கிடாரின் தவறும் அல்ல. வேறு நல்ல ஆசிரியரிடம் போய்த் திருத்திக்கொள்ள முடிந்தால் போங்கள். முடியாதவர்கள் குமணன்சாவடிக்கே வாருங்கள். நான் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பாடத்தை, நான் கற்ற வரைக்கும், ஃபீஸ் வாங்காமல் சொல்லித்தருகிறேன். அது உங்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி.